முத்தலாங்குளம் சம்பளப் பலகை

முத்தலாங்குளம் பேரூராட்சி ஆபீசில் இளநிலை உதவியாளராக இருக்கிற பூவனநாதன் லஞ்சம் வாங்க மாட்டான். அதை நேர்மை என்று சொல்லிவிட முடியாது. பயம். யாராவது மேஜைக்கு அடியில் கையை நீட்டினால், பாம்பைக் கண்டவன் மாதிரி இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வான். மூன்று வருஷ சர்வீஸில் அவன் வாங்கியது ஒரு அரிசிக்கடைக் காலண்டரும் ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழமும்தான். பழத்தைத் தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தான்.

அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு பொய் சொன்னான். கல்யாணத்துக்காகச் சொன்னான்.

கோவில்பட்டி வட்டாரத்தில் சர்க்கார் மாப்பிள்ளைகளுக்குத் தரகர் சோலைச்சாமி வைத்ததுதான் ரேட்டு. சம்பளத்தில் ஆயிரத்துக்கு மூன்று பவுன். மின்சார வாரியமாக இருந்தாலும் சரி, கால்நடை ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. சோலைச்சாமி வீட்டுக்கு வந்து காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தம்பிக்குக் கைக்கு எம்புட்டு வருது?"

பூவனநாதனுக்குக் கைக்கு வந்தது ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய். அதற்கு இருபத்திரண்டு பவுன்தான் தேறும். எதிர்வீட்டு வாத்தியாருக்குப் போன தையில் நாற்பது பவுன் போட்டிருந்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற அம்மா அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் எதிர்வீடு முழுதாகத் தெரிந்தது.

"பதினாலு" என்றான்.

"பிடித்தம் போகவா?"

"போக."

முதல் பொய்க்கு வியர்த்தது. இரண்டாவது பொய் தானாகவே வந்துவிட்டது. சோலைச்சாமி வாயாலேயே பெருக்கி, நாற்பத்திரண்டு பவுன் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

பெண் கோவில்பட்டியில் சின்னதாகத் தீப்பெட்டி ஃபேக்டரி வைத்திருக்கும் லிங்கராஜ் மகள் இசக்கிச்செல்வி. பெண் பார்க்கப் போன அன்று காராச்சேவுத் தட்டை அவன்முன் நீட்டினாள். அவளுக்குக் கை நடுங்கவில்லை. எடுத்த அவனுக்குத்தான் நடுங்கிற்று. அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதற்கு முன் மூன்று வீட்டில் அவனை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது வேலை இல்லை. வேலை கிடைத்து, முப்பத்தொரு வயதும் ஆகி, ஒரு பெண் தன்னைப் பார்த்துச் சிரித்தது இதுவே முதல் தடவை. இந்தப் பெண் கைவிட்டுப் போனால் தனக்கு இனிக் கல்யாணமே இல்லை என்று அவன் முடிவுசெய்துகொண்டான். ஆவணியில் நிச்சயம் என்று பேச்சானது.

ஆனியில் பலகை வந்தது.

"ஏலே பூவனநாதா, தாக்கீது ஒன்னு வந்திருக்கு" என்று செயல் அலுவலர் இஸ்ரவேல் கூப்பிட்டார். ஆபீசுக்கு அவர்தான் பெரிய சார். "தகவல் அறியும் உரிமைச் சட்டமாம். நம்ம ஆபீசுல யார் யாருக்கு என்ன சம்பளம்னு பலகையில எழுதி வைக்கணுமாம்."

பூவனநாதன் திறந்திருந்த பேனாவை மூடினான். "ஃபைல்ல வச்சாப் போதாதா சார்?"

"பொதுமக்கள் பார்வைக்குன்னுல்லா போட்டிருக்கான். பொதுமக்கள் ஃபைலுக்குள்ளயா குடியிருக்காவ?"

"பேரு வேணுமா சார்? பதவியை மட்டும் போட்டா..."

"என்னலே வெக்கம் ஒனக்கு? வாங்குத சம்பளம்தான. களவாண்ட பொருளா?" இஸ்ரவேல் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சம்பளத்தைத்தான எழுதச் சொல்லுதான். அது வரைக்கும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

சம்பளப் பட்டியல் போடுகிறவன் பூவனநாதன்தான். எனவே பலகைக்கும் அவனே எழுதிக் கொடுத்தான். பெயிண்டர் மந்திரமூர்த்தி பஸ் நிறுத்தத்தைப் பார்த்த வெளிச்சுவரில் ஆள் உயரத்துக்கு நீலம் அடித்து வெள்ளையில் எழுதினார். பெரிய சாரில் தொடங்கிப் பதவி வாரியாக இறங்கி வந்த எண்கள், இளநிலை உதவியாளர் வரை ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தன. கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி ஏறின. வெள்ளைத்தாய், துப்புரவுப் பணியாளர், ரூபாய் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் இருபத்தேழு வருஷமாக ஊர்ச் சாக்கடையை அள்ளுகிறாள். வருஷா வருஷம் ஏறுகிற சம்பளம் ஏறியிருக்கிறது. மாதா மாதம் அந்தத் தொகையை எழுதியவனும் பூவனநாதன்தான். பில்லில் பார்க்கும்போது அது வெறும் எண்ணாக இருந்தது. சுவரில், தன் பெயருக்குக் கீழே பார்க்கும்போதுதான் காந்தியது.

ஊருக்கும் காந்தியது. "தூத்துப் பெருக்குதவளுக்கு எட்டாயிரமா? படிச்சு என்னத்துக்கு?" என்று பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் படிப்புக்காக வருத்தப்பட்டார்கள். டீக்கடையில் வெள்ளைத்தாய்க்கென்று ஒரு தனி டம்ளர் கூரையில் செருகியிருக்கும். பலகை வந்த மறுநாள் கடைக்காரர் அவளை "வெள்ளைத்தாயம்மா" என்று கூப்பிட்டு, தான் நடத்துகிற சீட்டில் சேரச் சொன்னார். டம்ளரை மாற்றவில்லை.

பூவனநாதனின் கவலை வேறு. லிங்கராஜ் எந்த நாளும் வந்து நிற்கலாம். இந்தப் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை உட்காருகிற நாற்காலியைப் பெண்ணின் அப்பா ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். நாற்காலிக்குக் கை இருக்கிறதா, மேலே ஃபேன் ஓடுகிறதா என்பதெல்லாம் கவனிக்கப்படும்.

யோசித்து யோசித்துக் குப்பை டிராக்டர்காரரிடம் போய், "வெயில்ல நிறுத்தினா டயர் வெடிச்சிரும் அண்ணாச்சி. இந்தச் சுவரை ஒட்டிப் போடுங்க" என்றான். டிராக்டரும் அதன் குப்பைப் பெட்டியும் பலகையை முழுசாக மறைத்து நின்றன.

அதுவரை பலகையைப் படித்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலைந்து பேர்தான். டிராக்டர் வந்து நின்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னத்தையோ மறைக்காவ வே. முன்னால இருந்ததை அழிச்சிட்டு வேற எழுதுதாவளோ?" சுவருக்கும் டிராக்டருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம். ஒவ்வொருவராக நுழைந்தார்கள். கயத்தாறிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்தவர்கள்கூட நுழைந்து பார்த்தார்கள். ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு பூவனநாதன் சம்பளத்தைப் படித்து முடித்தது.

லிங்கராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை சோலைச்சாமியோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, விரலில் தீக்குச்சி மருந்துக் கறை. இஸ்ரவேல் சார் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஃபேக்டரிக்காரர் என்றால் அவருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

"என்ன சார், நாத்தம் கொடலைப் புடுங்குது" என்றார் லிங்கராஜ்.

இஸ்ரவேல் சாருக்கு அவமானமாகப் போயிற்று. "எவம்லே இங்கன வண்டியைப் போட்டது? அண்ணாச்சி நிக்காவ, கண்ணு தெரியலியா? எடுலே."

பூவனநாதன் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் டிராக்டர் உறுமிக்கொண்டு நகர்ந்துவிட்டது. நீலப் பலகை கழுவிவிட்டது மாதிரி வெயிலில் பளிச்சென்று நின்றது. லிங்கராஜ் எதையும் விரல் வைத்துப் படிக்கிறவர். வரிவரியாக இறங்கினார்.

"பூவனநாதன். ஏழாயிரத்து முந்நூத்திப் பத்து." விரல் நின்றது. பிறகு ஒரு வரி இறங்கிற்று. "வெள்ளைத்தாய். எட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

"பெயிண்டர் தப்பா எழுதியிருப்பான் அண்ணாச்சி" என்றார் சோலைச்சாமி.

"ஒம்ம ரேட்டுப்படி பாத்தா அந்தம்மாளுக்கு இருபத்தாறு பவுன் போடணும்வே" என்றார் லிங்கராஜ்.

பூவனநாதன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். போயிற்று, எல்லாம் போயிற்று. காராச்சேவுத் தட்டும் அந்தச் சிரிப்பும் டிராக்டர் பின்னாலேயே போய்விட்டன. லிங்கராஜ் அவன் தோளில் கையைப் போட்டு வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினான்.

"தம்பி, எங்க ஃபேக்டரியிலயும் ரெண்டு கணக்கு உண்டு" என்றார் லிங்கராஜ் தாழ்ந்த குரலில். "இன்ஸ்பெக்டர் பாக்க ஒன்னு. நான் பாக்க ஒன்னு. போர்டுல எல்லாத்தையும் எழுத முடியுமா? பதினாலுன்னு தரகர் சொன்னாரு. ஏழாயிரத்துச் சொச்சம் சம்பளம். அப்பம் பாக்கி, மேல வரதுதான?"

பூவனநாதன் கண்ணைத் திறந்தான். அவன்முன் இரண்டு வழி இருந்தது. பொய்யன் என்று ஒத்துக்கொள்ளலாம். லஞ்சம் வாங்குகிறவன் என்று ஒத்துக்கொள்ளலாம். பொய்யனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"ஆமா மாமா" என்றான். "அப்படி இப்படி வரும்."

லிங்கராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "மூணே வருஷ சர்வீஸ்ல மாசம் ஆறாயிரத்து அறுநூத்திச் சொச்சம். பாத்தா வாயில்லாப் பூச்சி மாதிரி இருக்கிய. இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் தம்பி வேணும். சம்பளம் என்ன, எல்லாப் பயலுக்கும்தான் வருது."

போகிற வழியில் அவர் இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. தீப்பெட்டி ஆபீஸ், குச்சிக்கடை, லாரி ஷெட் என்று எல்லா இடத்திலும் மாப்பிள்ளை பெருமையைச் சொன்னார். ஒரு வாரத்தில் அது முத்தலாங்குளத்துக்கே திரும்பி வந்தது. ஊர்க்காரர்களுக்கு வேலை முடித்துக் கொடுத்துவிட்டு ஒரு பைசா வாங்காமல் அனுப்பியவன் பூவனநாதன். இப்போது அவர்களுக்கு அது வேறு மாதிரித் தோன்றியது. "அப்பம் நம்மகிட்ட மட்டும் ஏன் வாங்கலை? வாங்குததுக்குக்கூட லாயக்கில்லைன்னு நினைச்சிட்டானா?" என்று வீட்டுவரி ரசீதுக்கு வந்த ஒருவர் அவன் காதுபடக் கேட்டார்.

இஸ்ரவேல் சார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. சொந்தத் தம்பி கையாடல் செய்துவிட்ட மாதிரி வருத்தம்.

"மாசம் ஆறாயிரத்து அறுநூறு. எந்த ஐட்டத்துலலே வருது? குழாயா, பிளானா, பிறப்புச் சான்றா? என் கண்ணுக்குத் தெரியாம இந்த ஆபீசுல ஒரு வழி இருக்கா?"

"சத்தியமா ஒன்னும் வாங்கல சார்."

"அப்பம் லிங்கராஜ் அண்ணாச்சி பொய் சொல்லுதாவளா?"

"இல்ல சார். நான்தான்... அவியகிட்ட அப்படிச் சொன்னேன்."

இப்படி ஒரு கதையை இஸ்ரவேல் சார் தன் சர்வீஸில் கேட்டதில்லை, ஆகவே நம்பவில்லை. "வாங்கலைன்னா ரொம்ப நல்லது. வண்டியை எடு. ரெண்டு பேரும் கோவில்பட்டிக்குப் போயி, என் உதவியாளர் ஒத்தப் பைசா வாங்காதவன்னு அண்ணாச்சிட்ட நானே சொல்லுதேன். என்ன, போவமா?"

பூவனநாதன் நாற்காலி முனையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணுல ஒரு பங்கு. ரெண்டாயிரத்து இருநூறு. நான் பேராசைக்காரன் கிடையாது" என்றார் பெரிய சார்.

ஆனிச் சம்பளத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறைக் கவரில் போட்டுக் கொடுத்தான். ஆடிச் சம்பளத்திலிருந்தும் கொடுத்தான். வாங்காத லஞ்சத்துக்குப் பங்கு கொடுத்தவன் இந்தத் தாலுகாவில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். பலகையில் இருந்ததே ஏழாயிரம். கைக்கு நின்றது ஐயாயிரம். நிச்சயத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வேண்டும், மோதிரம் எடுக்க வேண்டும், வேன் பிடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும். லஞ்சம் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

யாரிடம் தொடங்குவது? ஃபேக்டரிக்காரர்களிடம் கேட்க நாக்கு வராது. வாத்தியார் என்றால் மனு எழுதிப் போட்டுவிடுவார். திட்டாத ஆளாக, திருப்பிக் கேட்காத ஆளாக, உட்காரச் சொன்னாலும் உட்காராத ஆளாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் தன் வீட்டுக் குழாய் இணைப்புக்கு மனுவோடு வந்து மேஜைக்கு முன்னால் நின்றது. வெள்ளைத்தாய்.

"இது லேசுல முடியாது வெள்ளைத்தாயி" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. வழக்கம்போல இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தன, அழுத்திப் பிடித்துக்கொண்டான். "மேல கொஞ்சம்... பாக்க வேண்டியிருக்கும்."

"எம்புட்டு சார்?"

"ஐநூறு."

அவள் முகத்தில் ஆச்சரியம் தெரிந்தது. "குழாய்க்குப் பெரிய சார் போன வாரமே வாங்கிட்டாவளே சார்."

பூவனநாதனுக்குக் காது மடல் சுட்டது. "சரி, சரி, அப்பம் வச்சிட்டுப் போ" என்று மனுவைப் பிடுங்கினான்.

அவள் போகவில்லை. "எம்மவ போர்டை வாசிச்சுச் சொன்னா சார். ஏழாயிரமாம்லா. அதுல வீட்டு வாடகை, அம்மாவுக்கு மாத்திரை, இப்பம் கல்யாணம் வேற வச்சிருக்கிய. எப்படி சார் சமாளிக்கிய?" என்றாள். கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சுருக்குப்பையை அவிழ்த்து ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளை மேஜைமேல் வைத்தாள். "கடனாவே வச்சுக்கிடுங்க. தோதுப்படும்போது தாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். பட்டுச்சேலைக் கடைக்குப் பாக்கி நானூற்றைம்பது நின்றது. வாயை மூடிக்கொண்டான்.

"போயிட்டு வாங்க" என்றான். அவளை அவன் 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பக்கத்து சீட்டில் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தான்.

நிச்சயம் லிங்கராஜ் வீட்டிலேயே நடந்தது. இஸ்ரவேல் சார் முன்வரிசையில் மிக்சர் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் மேலதிகாரி என்று அவருக்குத் தனியாக ஒரு மேஜை ஃபேன். பூவனநாதனின் அம்மா எதிர்வீட்டு வாத்தியார் வீட்டம்மாளையும் வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாற்பத்திரண்டு பவுன் என்று சபையில் வாசிப்பதை அவளும் கேட்க வேண்டுமே.

லிங்கராஜ் ஃபேக்டரிக் கணக்குப்பிள்ளை மஞ்சள் தடவிய காகிதத்தை வாசித்தார். "பெண்ணுக்குப் பெற்றோர் போடும் நகை, பவுன் இருபத்திரண்டு."

அம்மா எழுந்துவிட்டாள். "நாப்பத்திரண்டுன்னுல்லா பேச்சு?"

"உக்காருங்க மதினி" என்றார் லிங்கராஜ் சாவகாசமாக. "போர்டுல எழுதின சம்பளத்துக்குப் பேப்பர்ல எழுதின பவுன். மாப்பிள்ளைக்கு மேல வரத வரும்படி போர்டுல இல்லைலா. அதுக்கு உள்ள பவுனும் பேப்பர்ல இருக்காது. அது மேல வரும்."

"எப்பம் வரும்?"

"அது எப்படி வருதோ அப்படி. மாசா மாசம், சன்னஞ்சன்னமா. என்ன மாப்பிள்ளை, முறை சரிதான?"

சபை அவனைப் பார்த்தது. சரியில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். பூவனநாதன் தலையை ஆட்டினான். சோலைச்சாமி தன் தரகுக் கணக்கில் பாதி போய்விட்டதை விரலில் எண்ணிக்கொண்டிருந்தார். இஸ்ரவேல் சார் மிக்சர் புரையேறச் சிரித்தார். வாத்தியார் வீட்டம்மாள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு. ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்துக்குச் சோலைச்சாமி ரேட்டில் முதல் நாளே கிடைத்திருக்க வேண்டிய அதே இருபத்திரண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் பெரிய சாருக்கு நாலாயிரத்து நானூறு போயிருக்காது. வெள்ளைத்தாய் பாக்கியும் இருந்திருக்காது.

பந்திக்கு முன்னால் கை கழுவப் பின்வாசலுக்குப் போனான். இசக்கிச்செல்வி அங்கே செம்போடு நின்றாள். யாராவது அவளை அனுப்பினார்களா, தானாக வந்தாளா என்று தெரியவில்லை.

"ஒன்னு கேக்கணும்" என்றாள். "நெசமாவே நீங்க வாங்குதீங்களா?"

இவளும் கேட்டுவிட்டாள். உள்ளே சொன்னதையே சொல்லிவிட்டால் தாலி கட்டுகிறவரை பிரச்சினை இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே அவள் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய் அப்பாவிடம் சொல்லலாம். மூன்று வீட்டில் வேண்டாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபோது இன்னொரு பொய்க்கு அவனிடம் தெம்பு இல்லை.

"இல்ல" என்றான். "ஒத்தப் பைசா வாங்கினது கிடையாது. போர்டுல இருக்கது மட்டுந்தான் என் சம்பளம். பதினாலுன்னது பொய். மேல வருதுன்னது அதைவிடப் பொய்."

செம்பிலிருந்து தண்ணீர் லேசாக வழிந்து அவள் காலில் விழுந்தது. பூவனநாதன் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றான்.

அவள் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை வேற யார்ட்டயும் சொன்னீங்களா?" என்றாள்.

"பெரிய சார்ட்ட சொன்னேன். நம்பலை."

"நல்லதாப் போச்சு. எங்க அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க." அவன் கையில் தண்ணீரை ஊற்றினாள். "அவியளுக்கு ஒங்க மேல இப்பந்தான் ஒரு மரியாதை வந்திருக்கு. அதைக் கெடுத்துக்கிடாதீங்க."

கூடத்தில் இலை போட்டுவிட்டார்கள். இஸ்ரவேல் சார் தன் பக்கத்து இலையில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் கைக்குட்டையைப் போட்டு, மாப்பிள்ளைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.